விதிப் புத்தகத்தைப் பென்சிலோடு படியுங்கள்: கட்டுபடியாகும் வீடுகளுக்கு வழிவிடும் மண்டல விதிகளைக் கேட்டு வாங்குவது எப்படி

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய டிரேசிங் தாள் கிடக்கிறது. 20 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம் கொண்ட ஒரு மனையை 1:100 அளவில் அதில் வரைந்திருக்கிறேன். ஒரு சின்ன வீட்டுவசதிச் சங்கத்தினர் கொண்டுவந்த மனை அது. தலா 50 சதுர மீட்டரில் பதினைந்து வீடுகள், உறுப்பினர்களின் சம்பளம் தாங்குகிற விலை. அவர்கள் கேட்டது இவ்வளவுதான். விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக் கணக்குப் போட்டேன். ஆறு வீடு வந்தது. எங்கோ தப்பு விட்டோமோ என்று மறுபடி போட்டேன். ஆறேதான்.

"மண்ணில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டார் சங்கச் செயலாளர். மண் நன்றாகத்தான் இருந்தது.

வரைபடம் போடுவது என் தொழில். பத்து வீட்டுக்குப் போட்டதை ஐந்தாக அடித்துத் திருத்துகிற வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். இடித்தது பெரும்பாலும் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்த ஓர் எண். மாஸ்டர் பிளானைத் திருத்தப் போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று நகர நிர்வாகம் அறிவிக்கும்போது, பலர் "ஏழை எளியவர்களுக்கு வீடு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதிகாரி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வார். அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதுவே "இந்த அட்டவணையில் ஒரு வீட்டுக்கு 1.5 கார் என்று இருப்பதை 0.5 ஆக்குங்கள், காரணம் இது" என்று எழுதினால், ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாவது வகைக் கடிதத்தை எழுதுவதற்கான வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பின்னிணைப்பிலிருந்து ஆரம்பியுங்கள்

இரண்டு ஆவணங்கள் தேவை. ஒன்று, நில உபயோக வரைபடம். எந்தத் தெரு எந்த மண்டலம் என்று வண்ணம் பூசிக் காட்டுவது. இரண்டாவது, அந்த மண்டலங்களில் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் வளர்ச்சி விதிகள். இரண்டாவதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். முன்னுரையும் நோக்கங்களும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். கடைசியில் இருக்கும் அட்டவணைகளுக்குப் போங்கள். பார்க்கிங் எண்ணிக்கை, செட்பேக் தூரம் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடம்), குறைந்தபட்ச மனை அளவு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆட்களை ஊருக்கு வெளியே தள்ளுவது அந்த அட்டவணைகள்தான்.

அப்புறம் உங்கள் மண்டலத்துக்கான பக்கத்தில் இரண்டு பட்டியல்களைப் பிரித்துப் பாருங்கள். சில கட்டடங்களை விதிப்படி இருந்தாலே கட்டலாம். சிலவற்றுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். அடுக்குமாடி வீடு எந்தப் பட்டியலில் இருக்கிறது? இரண்டிலும் இல்லையென்றால் அங்கே அது தடை என்று பொருள். தடை என்று யாரும் வெளிப்படையாக எழுதமாட்டார்கள். பட்டியலில் சேர்க்காமல் விட்டாலே போதும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சின்ன ஊர் போட்ட மண்டல விதிகளை எதிர்த்து நடந்த வழக்கில், 1926இல் உச்ச நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மண்டல விதிகள் அந்த நாடு முழுக்கப் பரவ அந்தத் தீர்ப்பு சட்ட வலு தந்தது. அதில், தனி வீடுகள் இருக்கும் பகுதியில் வரும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே எழுதியிருக்கிறார்கள். ஆலைப் புகையிலிருந்து வீடுகளைக் காப்பாற்றுகிற விதியே, வாடகை வீட்டுக்காரர்களிடமிருந்து சொந்த வீட்டுக்காரர்களைக் காப்பாற்றுகிற விதியாகவும் ஆனது.

ஒரே ஒரு மனையை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதைச் செய்யாமல் எந்தக் கூட்டத்துக்கும் போகாதீர்கள். என் இழுப்பறைத் தாளையே எடுத்துக்கொள்வோம்.

மனை 600 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ. 1.5 என்று விதி. அதாவது மனைப் பரப்பைப் போல ஒன்றரை மடங்கு, 900 சதுர மீட்டர் வரை கட்டலாம். பார்த்ததும் தாராளமாகத் தெரியும். அதற்குள் செட்பேக் வருகிறது. முன்னால் 6 மீட்டர், பின்னால் 6 மீட்டர், இரண்டு பக்கமும் தலா 4 மீட்டர். கோடு போட்டுப் பாருங்கள்: நடுவில் மிஞ்சுவது 12க்கு 18 மீட்டர், 216 சதுர மீட்டர். உயரம் மூன்று தளம்தான். மூன்று தளத்துக்கும் சேர்த்து 648 சதுர மீட்டர். 900 கட்டலாம் என்று ஒரு பக்கத்தில் சொன்ன புத்தகம், இன்னொரு பக்கத்தில் அதில் 252ஐத் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டது.

648இல் படிக்கட்டு, நடைவழி, தண்ணீர்த் தொட்டி அறை என்று 15 சதவீதம் போகும். மீதி 550. அதை 50 சதுர மீட்டராகப் பிரித்தால் 11 வீடு.

இனி பார்க்கிங். ஒரு வீட்டுக்கு 1.5 கார் என்றால் 11 வீட்டுக்கு 17 கார். ஒரு கார் நிற்கும் இடம் மட்டும் என்றால் 12.5 சதுர மீட்டர் போதும். அது உள்ளே வந்து திரும்பிப் போக வழியும் வேண்டுமே? அதையும் சேர்த்தால் குறைத்துப் போட்டாலும் 25 ஆகும். 17 காருக்கு 425 சதுர மீட்டர். கட்டடத்துக்கு வெளியே இருக்கும் மொத்தத் திறந்தவெளியே 384தான். அதிலும் முன்பக்கத்தில் வண்டி நிறுத்தக்கூடாது என்று இன்னொரு விதி. ஆகவே தரைத்தளத்தைத் தூண் மேல் தூக்கி வண்டிகளுக்கு விட்டுவிட வேண்டியதுதான். அந்த ஊர் விதியில் ஸ்டில்ட் தளமும் உயரக் கணக்கில் சேரும். மிஞ்சுவது இரண்டு தளம், 432 சதுர மீட்டர், அதில் வாழத் தகுந்தது 367. ஏழு வீடு. மனிதர்களுக்கு ஒரு தளம் போய்விட்டது, வண்டிகளுக்குக் கிடைத்துவிட்டது.

சரி, ஏழாவது கிடைக்குமா? அதுவும் இல்லை. ஒரு வீட்டுக்குக் குறைந்தது 100 சதுர மீட்டர் நிலம் இருக்க வேண்டும் என்று அடர்த்தி விதி ஒன்று பின்னிணைப்பின் அடிக்குறிப்பில் இருந்தது. 600ஐ 100ஆல் வகுத்தால் ஆறு. சங்கத்தினரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்றைக்கு இரண்டாவது முறை டீ போட்டேன்.

இப்போது தாளைத் திருப்பிப் போட்டு, விதிகளைத் தளர்த்தி அதே மனையை வரையுங்கள். முன்னும் பின்னும் 3 மீட்டர், பக்கங்களில் 2 மீட்டர். கட்டக்கூடிய இடம் 16க்கு 24, அதாவது 384 சதுர மீட்டர். 900 சதுர மீட்டரை மூன்று தளத்தில் போட்டால் ஒரு தளத்துக்கு 300 போதும், தாராளமாக உட்காரும். 15 சதவீதம் கழித்து 765. பதினைந்து வீடு. ஒரு வீட்டுக்கு அரைக் கார் என்றால் எட்டுக் கார், 200 சதுர மீட்டர். கட்டடம் போக மீதி 300 இருக்கிறது. அடர்த்தி அடிக்குறிப்பு நீக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். எஃப்.எஸ்.ஐ.யைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நிலத்தின் விலை 60 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஆறு வீட்டில் ஒவ்வொருவர் தலையிலும் 10 பங்கு விழும். பதினைந்து வீட்டில் 4 பங்கு. மானியம் எதுவும் இல்லாமல் விதியால் மட்டும் வந்த வித்தியாசம் இது. உங்கள் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் மனை அளவில் இந்தக் கணக்கை இரண்டு முறை போடுங்கள்: இப்போதைய விதிப்படி ஒன்று, நீங்கள் கேட்கும் விதிப்படி ஒன்று. எந்த எண் முதலில் இடிக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டுங்கள். இடிக்காத எண்ணைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டு நேரத்தை வீணாக்குபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். செட்பேக் இடிக்கிற மனையில் எஃப்.எஸ்.ஐ.யை 2 ஆக்கினாலும் 3 ஆக்கினாலும் ஒரு வீடுகூடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. செட்பேக் எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. காற்று, வெளிச்சம், தீயணைப்பு வண்டி நுழையும் வழி ஆகியவற்றுக்கான தூரத்தில் கை வைக்கக் கூடாது. அந்த மூன்றுக்கும் மேலே எவ்வளவு இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

எதை எடுக்கச் சொல்லலாம்

முதலில் பார்க்கிங் கட்டாயம். இதைக் கேட்டால் "அப்போ வண்டியே நிறுத்தக்கூடாதா?" என்று ஒருவர் எழுந்திருப்பார். குறைந்தபட்சக் கட்டாயத்தை எடுப்பது வேறு, பார்க்கிங்கைத் தடுப்பது வேறு. வேண்டுகிறவர் வேண்டுமளவு கட்டிக்கொள்ளலாம். கார் இல்லாதவர் காருக்கான தளத்துக்கு வாடகை கொடுக்க வேண்டாம், அவ்வளவே. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் கட்டாயத்தை ஊர் முழுக்க நீக்கியது. மெக்சிகோ நகரம் அதே ஆண்டில் குறைந்தபட்சம் என்று இருந்ததை அதிகபட்சம் என்று திருப்பிப் போட்டது. நியூசிலாந்து 2020இல் தேசியக் கொள்கையாகவே கொண்டுவந்து நகரங்களின் விதிகளிலிருந்து இந்த எண்ணை எடுக்க வைத்தது. உங்கள் ஊரில் அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லையென்றால், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் மட்டுமாவது கேளுங்கள்.

அடுத்தது மனை அளவு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 1998இல் தன் உள்வட்டச் சாலைக்குள் குறைந்தபட்ச மனையை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை இறக்க வழிவிட்டது, 2013இல் அதை ஊர் முழுக்க விரித்தது. ஒரு பழைய வீடு இருந்த இடத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய மூன்று நான்கு வீடுகள் வரத் தொடங்கின. மண்டலப் பிரிப்பே இல்லாத ஊர் என்று பெயரெடுத்த ஹூஸ்டனிலும் மனை அளவு என்ற ஒரு விதி இத்தனை வேலை செய்திருக்கிறது.

பிறகு, ஒரு மனைக்கு ஒரு வீடு என்ற விதி. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர மன்றம் 2018 டிசம்பரில் ஒரு திட்டத்தை நிறைவேற்றி, 2020 முதல் எல்லாக் குடியிருப்பு மனைகளிலும் மூன்று வீடு வரை அனுமதித்தது. உலகம் முழுக்க இதைத் தலைப்புச் செய்தியாக்கினார்கள். அங்கே 2017 முதல் 2022 வரை வீடுகளின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது, வாடகை 1 சதவீதம்தான் ஏறியது. அதே காலத்தில் அந்த மாநிலத்தின் மற்ற பகுதிகளில் வீடுகள் 4 சதவீதம்தான் கூடின, வாடகை 14 சதவீதம் ஏறியது. ஆனால் அந்தப் புது வீடுகளில் பெரும்பகுதி தலைப்புச் செய்தியான மூன்று வீட்டுக் கட்டடங்களில் வரவில்லை. பஸ் ஓடும் பெரிய சாலைகளில், பார்க்கிங் கட்டாயம் தளர்ந்த இடங்களில், பெரிய கட்டடங்களில் வந்தவை. எனவே "மினியாபொலிஸ் மாதிரி செய்யுங்கள்" என்று கேட்கப் போகிறவர்கள், சந்துகளை விட்டாலும் பெரிய சாலைகளை விட்டுவிடக் கூடாது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் இன்னும் பெரிதாகச் செய்தது. 2016இல் நடைமுறைக்கு வந்த அதன் திட்டம் குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் அடர்த்தியைக் கூட்டியது. ஐந்து ஆண்டுகளில் கட்டட அனுமதிகள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின.

ஒரே வீட்டு வளாகத்தில் பின்பக்கம் ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ள விடுவது எல்லாவற்றிலும் சுலபமான கோரிக்கை. எதிர்ப்பும் குறைவு, ஏனென்றால் கேட்பவரே சொந்த வீட்டுக்காரர். கலிஃபோர்னியா 2016க்குப் பிறகு ஊர்களின் தடைகளை ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டு நீக்கியது. ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சமாக இருந்த இத்தகைய அனுமதிகள் சில ஆண்டுகளில் 20,000ஐத் தாண்டின.

கடையும் வீடும் கலப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் மண்டல வகைகளை மத்திய அரசே வகுத்திருக்கிறது, நாடு முழுக்க 13 வகைதான். ஆகக் கண்டிப்பான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்தில்கூட, வீட்டோடு சேர்ந்து 50 சதுர மீட்டர் வரை சிறு கடை வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து மேலே போகப் போக அனுமதி கூடுமே தவிர, பெரும்பாலான வணிக மண்டலங்களிலும் வீடு கட்டத் தடை கிடையாது. ஒவ்வொரு ஊரும் நாற்பது ஐம்பது வகை மண்டலங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பதிமூன்று நினைவுக்கு வரும்.

கொடுத்து வாங்கும் விதிகள்

தடையை எடுப்பதோடு வேலை முடியாது. சந்தைக்குக் கூடுதலாக இடம் கொடுக்கும்போது, அதில் ஒரு பங்கைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு எழுதி வாங்கிவிட வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. இத்தனை சதவீத வீடுகளைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால்தான் அனுமதி என்று கட்டாயமாக்கலாம். கொடுத்தால் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. என்று ஊக்கம் தரலாம். நடைமுறையில் இரண்டும் கலந்தே இருக்கும்.

ஊக்கத்தையும் அதே தாளில் சோதியுங்கள். 900க்கு மேல் 30 சதவீதம் கூடுதல் என்றால் 270 சதுர மீட்டர், அதில் நான்கு வீடு வரும். மொத்தம் 19. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நான்கு வீடு, குறைந்த வாடகைக்கு. பில்டர் என்ன பார்ப்பார்? அந்த நான்கு வீட்டுக்கும் நிலச் செலவு இல்லை, கட்டுமானச் செலவு மட்டும்தான். குறைந்த வாடகை அந்தச் செலவை ஈடுகட்டினால் வருவார், இல்லாவிட்டால் வரமாட்டார். ஆனால் 270ஐ எங்கே வைப்பது? தளர்த்திய செட்பேக்கிலும் மூன்று தளத்தில் அதிகபட்சம் 1,152தான் வரும். தேவை 1,170. வெறும் 18 சதுர மீட்டர் இடிக்கிறது. அப்படியே நெருக்கிக் கட்டினாலும் வண்டி நிறுத்த 216தான் மிஞ்சும், பத்துக் காருக்கு 250 வேண்டும். நான்காவது தளம் ஒன்றை அனுமதித்தால் இரண்டு சிக்கலும் ஒரேயடியாகத் தீரும். எஃப்.எஸ்.ஐ. ஊக்கம் என்று அறிவித்துவிட்டு உயரத்தைத் தொடாமல் விடுவதால்தான் பல ஊர்களில் ஊக்கத்தை யாரும் வாங்க வருவதில்லை.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தின் 2021 விதி எனக்குப் பிடித்த ஒன்று. குடியிருப்புத் தெரு மனையில் நான்கு வீடு வரை யாரும் கட்டலாம். பாதி வீடுகளைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்கினால் ஆறு வரை கட்டலாம், கட்டடமும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். ஒரு பில்டரும் ஒரு தொண்டு நிறுவனமும் ஒரே மனைக்குப் போட்டி போட்டால், இரண்டாமவருக்கு ஒரு கை கூடுதலாகக் கிடைக்கிறது.

அதே போர்ட்லாந்தில் ஒரு பாடமும் இருக்கிறது. 20 வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்கு 2017இல் ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கினார்கள். 19 வீட்டுக் கட்டடங்கள் முளைக்க ஆரம்பித்தன. நானே இப்படி வரைந்து கொடுத்திருக்கிறேன். வேறோர் ஊரில், ஒதுக்கீட்டு எல்லைக்கு ஒன்று குறைவாக வரும்படி இரண்டு சின்ன வீடுகளை ஒன்றாக்கச் சொன்னார் ஒரு வாடிக்கையாளர். அழித்து வரைய அரை மணி நேரம் ஆனது. விதியில் ஒரு படிக்கட்டு இருந்தால் அதன் கீழ்ப்படியில் எல்லோரும் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரேயடியாக 20இல் தொடங்காமல், வீடு கூடக் கூட ஒதுக்கீடும் மெல்ல ஏறும்படி கேளுங்கள்.

வரைவில் எந்த ஒதுக்கீட்டைப் பார்த்தாலும் மூன்று எண்களைத் தேடுங்கள்: எத்தனை சதவீதம், யாருடைய வருமானத்துக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு. முதலாவதைத்தான் பத்திரிகைகள் எழுதும். இரண்டாவதில்தான் ஏமாற்றம் இருக்கும். நியூயார்க் 2016இல் கொண்டுவந்த கட்டாய ஒதுக்கீட்டில், அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது) சராசரியாக 60 சதவீதம் உள்ளவர்களுக்கு என்றால் 25 சதவீத இடம், 80 சதவீதம் உள்ளவர்களுக்கு என்றால் 30 சதவீத இடம் என்று வாய்ப்புகள் வைத்தார்கள். வருமான வரம்பு ஏறினால் பங்கும் ஏறுகிறது. இப்படி இரண்டையும் கோர்த்துப் பேசாமல் "30 சதவீதம் தருகிறோம்" என்று மட்டும் யாராவது சொன்னால், யாருக்கு என்று கேளுங்கள்.

வியன்னா 2019இல் இன்னும் ஒரு படி மேலே போனது. புதிதாகக் குடியிருப்பு மண்டலமாக மாற்றப்படும் பெரிய இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடாக இருக்க வேண்டும், அதற்கான நில விலைக்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் இதைச் சும்மா நகல் எடுக்க முடியாது. அங்கே மானிய வீடு கட்டுவதற்கென்றே பணமும் அமைப்புகளும் நூறு வருஷமாக இருக்கின்றன.

காத்திருப்பும் செலவுதான்

சிறப்பு அனுமதி, பொது விசாரணை, மேல்முறையீடு என்று ஒரு மனை இரண்டு வருஷம் சும்மா கிடந்தால், அந்த இரண்டு வருஷ வட்டியையும் குடிவருபவர்தான் கட்டுவார். ஆகவே விதிப்படி இருந்தால் அதிகாரி கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்ற பட்டியலுக்கு மலிவு வீடுகளை மாற்றச் சொல்லுங்கள். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் 2020இல் இப்படிச் செய்தது: முழுக்க மலிவு வீடுகளாகக் கட்டினால் ஊரில் எங்கும் கூடுதல் உயரம், தனி விசாரணை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் 2022 டிசம்பரில் போட்ட உத்தரவு, அத்தகைய திட்டங்களின் அனுமதிப் பரிசீலனையை 60 நாளில் முடிக்கச் சொன்னது. லண்டன் மேயர் 2017இல் வேறொரு தந்திரம் செய்தார். தனியார் நிலத்தில் 35 சதவீதம் மலிவு வீடு தருகிறவருக்கு வரவு செலவு விசாரணை இல்லாத விரைவுப் பாதை. குறைவாகத் தருகிறவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும். பில்டர்கள் சதவீதத்துக்குப் பயப்படுவதைவிடத் தாமதத்துக்கு அதிகம் பயப்படுகிறவர்கள் என்பதை இந்த விதியை எழுதியவர் தெரிந்துவைத்திருக்கிறார்.

ஊரே மறுக்கும்போது மேலே இருந்து தட்டும் விதியும் உண்டு. மாசசூசெட்ஸில் 1969இல் வந்த சட்டப்படி, ஓர் ஊரின் வீடுகளில் 10 சதவீதமாவது மலிவு வீடாக இல்லாவிட்டால், அத்தகைய வீடுகளோடு வரும் பில்டர் ஊரின் மண்டல விதியைத் தாண்டி ஒரே அனுமதியில் கட்டலாம். ஊர் மறுத்தால் மாநிலக் குழுவிடம் போகலாம்.

விலை ஏறும் ஆபத்து

அடர்த்தி கூட்டினால் முதலில் ஏறுவது நிலத்தின் விலைதான். சிகாகோவில் 2013லும் 2015லும் ரயில் நிலையங்களைச் சுற்றிக் கூடுதலாகக் கட்ட அனுமதித்தார்கள். ஐந்து ஆண்டுகளைப் பார்த்த ஆய்வில் இடத்தின் விலை ஏறியிருந்தது, புது வீட்டு அனுமதிகள் கூடியதாகத் தெரியவில்லை. ஒரு சின்ன வட்டத்துக்குள் மட்டும் தளர்த்தினால் அந்த வட்டத்து நிலக்காரர்கள் சொன்னதுதான் விலை. ஆக்லாந்து மாதிரி பரந்த இடத்தில் தளர்த்தினால் பில்டருக்கு அடுத்த தெருவுக்குப் போகும் வசதி இருக்கிறது. என் அனுபவத்தில் சின்ன வட்டத்துக்குச் சம்மதிப்பதுதான் கவுன்சிலர்களுக்குச் சுலபம், அதனால்தான் அதைச் சொல்லி வைக்கிறேன்.

ஏறிய விலையில் பொதுமக்கள் பங்கைக் கேட்க பிரேசிலின் சாவோ பாவ்லோவைப் பாருங்கள். 2014 திட்டப்படி அங்கே எல்லோருக்கும் அடிப்படை எஃப்.எஸ்.ஐ. ஒன்று. அதற்கு மேல் வேண்டுமென்றால் நகரத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தை மலிவு வீட்டுக்கான நிலம் வாங்க ஒதுக்கச் சொன்னது அந்தத் திட்டம். மலிவு வீடு கட்டுகிறவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

ஏற்கனவே ஏழைகள் குடியிருக்கும் இடங்களை வேறு விதமாக நடத்த வேண்டும். பிரேசில் நகரங்கள் அவற்றைத் தனி மண்டலமாக வரைபடத்தில் குறிக்கின்றன, 2001இல் வந்த நாட்டின் நகரச் சட்டமும் இதை ஏற்கிறது. அங்கே சின்ன மனை, குறுகிய சந்து எல்லாம் குற்றமாகாது. இருப்பவர் இருக்க, அதற்கேற்ற விதி. உங்கள் வரைவு வரைபடத்தில் இப்படிப்பட்ட குடியிருப்பு பூங்கா நிறத்திலோ வணிக நிறத்திலோ பூசப்பட்டிருந்தால், மற்ற எல்லாக் கோரிக்கைகளையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைக் கேளுங்கள். எங்கும் வாடகைக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது, இடித்த அத்தனை வீடுகளும் பழைய வாடகை வரம்பில் திரும்ப வர வேண்டும் என்ற விதியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மண்டல விதி மட்டும் போதாது. கட்டுமானச் செலவையே கொடுக்க முடியாதவருக்கு அரசுப் பணம் வேண்டும். விதி நன்றாக இருந்தால் அந்தப் பணத்தில் ஆறுக்குப் பதில் பதினைந்து வீடு கட்டலாம்.

கூட்டத்தில்

இரண்டு தாளைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோங்கள்: ஆறு வீட்டுத் தாள், பதினைந்து வீட்டுத் தாள். மூன்று நிமிடம்தான் தருவார்கள். விதி எண், இப்போதைய எண்ணிக்கை, நீங்கள் கேட்கும் எண்ணிக்கை, அதனால் வரும் வீடு. கடிதத்திலும் இதே நான்கு. நெரிசல், தண்ணீர், சாக்கடை என்று எழும் கேள்விகளை எரிச்சலோடு தள்ளிவிடாதீர்கள், சாக்கடைக் கேள்வி பல நேரம் நியாயமானது. குழாயின் கொள்ளளவு எந்தத் தெருவில் இருக்கிறது என்று பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தத் தெருக்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்களை அழைத்து வாருங்கள். இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் வேலைநாளில் காலை 11 மணிக்கு நடக்கும், அந்த நேரத்துக்கு யார் வர முடியும் என்று நினைத்துப் பாருங்கள். முடிந்தால் நேரத்தையே மாற்றக் கேளுங்கள்.

விதி நிறைவேறியதும் பலர் கலைந்துவிடுவார்கள். மேரிலாந்தின் மான்ட்காமரி மாவட்டம் 1974லேயே, 50 வீடோ அதற்கு மேலோ கட்டுகிறவர் 15 சதவீதத்தை மலிவு வீடாகத் தர வேண்டும், பதிலுக்குக் கூடுதல் அடர்த்தி என்று சட்டம் போட்டது. இந்த வகையில் முன்னோடி. ஆனால் முதலில் விலைக் கட்டுப்பாடு ஐந்தே ஆண்டுதான். கெடு முடிய முடிய வீடுகள் சந்தை விலைக்குப் போயின. காலத்தை ஏற்றிக்கொண்டே வந்து, 2005இல் விற்ற வீட்டுக்கு 30 ஆண்டு, வாடகை வீட்டுக்கு 99 ஆண்டு என்று ஆக்கினார்கள். அதற்குள் போனது போனதுதான். ஆகையால் விதி வந்த அன்றே ஒரு பதிவேட்டைக் கேளுங்கள்: எந்தக் கட்டடம், எத்தனை மலிவு வீடு, வாடகை வரம்பு என்ன, கெடு எந்த ஆண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அதை வெளியிட வேண்டும் என்ற வரியும் விதியிலேயே இருக்கட்டும். கெடு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே குடியிருப்பவர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும், விற்பதானால் முதலில் வாங்கும் உரிமை நகரத்துக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.